இன்ஜின் ஆயிலில் கடல்நீர் கலந்துவிட்டதா? படகு டீசல் இன்ஜினைக் காப்பாற்றும் வழி

கடல்நீர் புகுந்த டீசல் இன்ஜினுக்கு நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஆயிலில் கரையாது. இன்ஜின் சூடாகித் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பேரிங், பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர் என்று வழவழப்பாக இருக்க வேண்டிய இடங்களையெல்லாம் அரிக்கும். நல்ல தண்ணீர் கொஞ்சம் கலந்தால் "ஓட்டிச் சூடாக்கினால் போய்விடும்" என்பார்கள். கடல்நீர் விஷயத்தில் அந்தப் பேச்சை நம்பாதீர்கள். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. உப்பை வெளியே கொண்டுவர ஒரே வழி, அது கலந்திருக்கும் ஆயிலை மொத்தமாக, திரும்பத் திரும்ப வெளியே எடுப்பதுதான்.

சின்னப் படகில் இன்போர்டு (படகுக்குள்ளேயே பொருத்திய) டீசல் இன்ஜின் வைத்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய பட்டறை தேவையில்லை. வேலையின் வரிசைதான் முக்கியம். வரிசை மாறினால் ஆயில் மாற்றும் செலவோடு முடிய வேண்டியது கிராங்க் ஷாப்ட் வரை போய் நிற்கும்.

எப்படித் தெரியும்?

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் ஊற்றிய தேநீர் மாதிரி வெளுத்துக் குழம்பியிருக்கும். அளவும் மேல்கோட்டைத் தாண்டி நிற்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர்தான். அளவு ஏறியிருக்கிறது, ஆயில் கருப்பாகவே இருக்கிறது, ஆனால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கிறது என்றால் அது வேறு கோளாறு. எரிபொருள் பம்பின் டயாப்ரம் கிழிந்து டீசல் இறங்கியிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம் என்றால் பெரும்பாலும் அது உள்ளே வியர்த்த ஈரம். இன்ஜினைச் சூடேற விடாமல் சிறிது நேரமே ஓட்டி நிறுத்துபவர்களின் படகில் இது சகஜம்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜின் நிறுத்தப்பட்ட பிறகு தண்ணீர் புகுந்திருந்தால் அது ஆயிலோடு கலக்காமல் சம்ப்பின் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியின்) அடியில் தனியாகத் தங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கில் நிறம் மாறியிருக்காது, அளவு மட்டும் கூடியிருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து "ஆயில் நல்லாத்தான் இருக்கு" என்று ஸ்டார்ட் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். காரணமில்லாமல் ஆயில் அளவு கூடினால் அதை எப்போதும் அபாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்தது கடல்நீரா, கூலன்ட்டா? கூலன்ட் தொட்டி உள்ள இன்ஜினானால் அதன் அளவைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் கூலன்ட் இறங்கியிருக்கிறது. குறையாமல் ஆயில் மட்டும் ஏறியிருந்தால் கடல்நீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். உறுதி வேண்டுமானால் கொஞ்சம் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோடியமும் மக்னீசியமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் அது கடல்நீரின் அடையாளம். ஆனால் அந்த அறிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். மாதிரியை ஒரு சுத்தமான புட்டியில் எடுத்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

செல்ஃப் அடிக்காதீர்கள்

சந்தேகம் வந்த நிமிடமே இன்ஜினை நிறுத்துங்கள். ஏற்கெனவே நின்றிருந்தால் "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. செல்ஃப் மோட்டாரின் வேகத்துக்கே கனெக்டிங் ராடு வளைந்துபோகும். வளைந்த ராடு அன்றைக்கே உடைய வேண்டும் என்றில்லை. பல மணி நேரம் ஓடிய பிறகு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

செய்ய வேண்டியவை மூன்று. இன்ஜினுக்குக் கடல்நீர் வரும் வால்வை மூடுங்கள். பேட்டரி ஸ்விட்சை அணைத்து, யாரும் தெரியாமல் செல்ஃப் அடித்துவிடாதபடி சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்ஜில் (படகின் அடித்தளத்தில்) தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள், ஏனென்றால் இனி சிந்தப்போகும் ஆயிலை அது அப்படியே கடலில் கொட்டும். படகு கசியக்கூடியது என்றால் பில்ஜை அவ்வப்போது கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவது

ஆயிலைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். எல்லா இன்ஜெக்டர்களையும் கழற்றுங்கள். குளோ பிளக் உள்ள இன்ஜினானால் அதைக் கழற்றினாலும் போதும், அது சுலபம். இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் செம்பு வாஷர்கள் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றை எடுத்துவிட்டு, திரும்பப் பூட்டும்போது புதியவை போடுங்கள்.

அப்புறம் கிராங்க் புல்லியின் போல்ட்டில் பெரிய ஸ்பேனரை மாட்டி, இன்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெதுவாகக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் இருந்தால் துளை வழியாகப் பீறிடும். முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எங்காவது இறுக்கமாகத் தடுத்தால் பலம் போடாதீர்கள். நிறுத்தி, எந்தத் துளை இன்னும் அடைத்திருக்கிறது என்று பாருங்கள். நாலைந்து முழுச் சுற்று சுற்றிய பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி சுற்றுங்கள். சுவரில் ஒரு படலம் உட்கார்ந்தால் துரு பிடிப்பது தள்ளிப்போகும். காற்று உள்ளே போகும் குழாயையும் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டையும் திறந்து பாருங்கள். அங்கே தேங்கியிருக்கும் தண்ணீர் அடுத்த சுற்றில் மறுபடி சிலிண்டருக்குள் வரும்.

சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஷன் லீவர் மட்டும் போதுமே, இன்ஜெக்டரை ஏன் கழற்ற வேண்டும் என்று தோன்றலாம். அந்த லீவர் வால்வைக் கொஞ்சம்தான் தூக்கிப் பிடிக்கும். காற்று வெளியேற அந்த இடைவெளி போதும். ஒரு கோப்பைத் தண்ணீர் முழுவதும் வெளியேற அதை நம்ப முடியாது.

ஆயிலை இறக்குவது, அளப்பது

வடிகால் போல்ட் எட்டும் இடத்தில் இருந்தால் அதைக் கழற்றி இறக்குவதே நல்லது. தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில்தான் இருக்கும். பெரும்பாலான படகுகளில் போல்ட்டுக்கு அடியில் கை நுழையாது, டிப்ஸ்டிக் குழாய் வழியாகக் கைப்பம்பால்தான் உறிஞ்ச வேண்டியிருக்கும். அப்படியானால் உறிஞ்சும் குழாயைச் சம்ப்பின் அடி தட்டும்வரை இறக்குங்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். குழாய் எட்டாத மூலையில் கால் லிட்டர் தண்ணீர் தங்கினால் அடுத்து ஊற்றும் ஆயிலும் உடனே வெளுக்கும்.

வந்ததை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் துப்புத் துலக்க இதைவிட நல்ல தகவல் கிடையாது. கையேட்டில் சம்ப்பின் கொள்ளளவு 3 லிட்டர் என்றிருந்து, நீங்கள் 5 லிட்டர் எடுத்தால், ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் புகுந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் வழியை முதலில் பாருங்கள். கூடுதலாக வந்தது கால் லிட்டர்தான், ஆனால் ஆயில் முழுக்க வெளுத்திருக்கிறது என்றால், ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ கசிகிறது.

பழைய பில்டரையும் கழற்றி, வெட்டித் திறந்து பாருங்கள். காகித மடிப்புகளில் பளபளக்கும் உலோகத் துகள் இருந்தால் பேரிங் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கிறது. அந்த இன்ஜினை நல்ல மெக்கானிக் திறந்து பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஈரம் பட்ட பில்டர் காகிதம் ஊதி அடைத்துக்கொள்ளும். அப்போது பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும். அதனால் இனி ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் புதுப் பில்டர் போடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இறக்கிய ஆயிலை மூடியுள்ள கேன்களில் தனியாக வையுங்கள். கொடுக்கும் இடத்தில் "தண்ணீர் கலந்தது" என்று சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் மொத்த ஆயிலும் கெட்டுப்போகும். கப்பல்கள் வெளியேற்றும் நீரில் எண்ணெய் 10 லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் ஒப்பந்தத்தின் வரம்பு. கை கழுவிய எண்ணெய்த் தண்ணீரைக்கூடக் கடலில் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் எந்த வழியாக வந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் புது ஆயில் ஊற்றி ஓட்டுவது வீண். ஊற்றிய ஆயிலும் வெளுக்கும், அரிப்பும் தொடரும்.

முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட். இன்ஜினைக் குளிர்வித்து வரும் கடல்நீர் எக்ஸாஸ்ட் எல்போவில் (புகைக்குழாயின் வளைவுத் துண்டில்) புகையோடு சேர்ந்து, வாட்டர்லாக் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. இன்ஜின் கடல்மட்டத்துக்குக் கீழே அல்லது அதை ஒட்டி இருக்கும் படகில், இன்ஜின் நின்ற பிறகும் சைபன் விளைவால் தண்ணீர் தானாக உள்ளே வழிந்துகொண்டே இருக்கும். சைலன்சர் நிறையும், எல்போ நிறையும், மேனிபோல்டுக்குள் ஏறும். இன்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங் இடைவெளிகளில் கசிந்து சம்ப்பில் சேரும். இதைத் தடுக்கத்தான் கடல்நீர்க் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்த்தி வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் சின்ன வால்வு (சைபன் வால்வு) வைக்கிறார்கள். அந்த வால்வில் உப்புப் படிந்து அடைத்தால் பயனில்லை. கழற்றி வெந்நீரில் கழுவி, ஒரு பக்கம் மட்டும் காற்று போகிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். வளைவே இல்லாத படகும் உண்டு. அப்படியிருந்தால் உங்கள் காரணம் கிடைத்துவிட்டது.

இதே வழியில் தண்ணீர் வர இன்னொரு பழக்கமும் காரணமாகும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போது நீண்ட நேரம் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு சுற்றிலும் பம்ப் தண்ணீரைத் தள்ளும். ஆனால் அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிறைந்து தண்ணீர் பின்னால் ஏறும். படகை வேகமாக இழுத்துச் செல்லும்போது, முன்பக்கம் பார்த்த உறிஞ்சு வாய் உள்ள படகில், கடல்நீர்ப் பம்பின் தேய்ந்த இம்பெல்லரை (உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரத்தை) தாண்டித் தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே வருவதும் உண்டு.

எல்போவைக் கழற்றிப் பாருங்கள். அது துருவேறி உள்சுவர் ஓட்டையாகியிருந்தால், இன்ஜின் பக்கமாகவே தண்ணீர் வழியும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே சல்லடையாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜினோடு ஒப்பிட்டால் எல்போவின் விலை சிறியது.

இரண்டாவது சந்தேகம் கடல்நீர்ப் பம்ப். பல இன்ஜின்களில் இது டைமிங் கவரிலேயே நேராகப் பூட்டப்பட்டு, கியரால் ஓடும். நீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் கிழிந்தால் அங்கே சொட்டுவதற்காகவே அந்தத் துளை. அது பெயின்டாலோ அழுக்காலோ அடைத்திருந்தால், வெளியே சொட்ட வேண்டிய கடல்நீர் ஷாப்டை ஒட்டி ஆயிலுக்குள் போகும். கம்பியால் துளையைக் குத்தித் திறந்து பாருங்கள். ஷாப்டில் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீல் மட்டும் போட்டு நிற்காது, ஷாப்டையும் மாற்ற வேண்டும். பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது ஆயில் கூலர். ஓடும்போது ஆயில் அழுத்தம் நீர் அழுத்தத்தைவிட அதிகம். அதனால் உள்குழாய் அரித்துப்போனால் முதலில் ஆயில்தான் கடல்நீருக்குள் போகும். எக்ஸாஸ்ட் வெளியேறும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். இன்ஜின் நின்றபின் நிலைமை தலைகீழாகும். கூலரைக் கழற்றி, ஒரு பக்கத்தை அடைத்து, தண்ணீரில் முக்கி, கையேட்டில் சொன்ன அழுத்தத்தில் காற்று ஏற்றினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கியர்பாக்ஸ் கூலரையும் சேர்த்துச் சோதியுங்கள், கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள்.

இவை எல்லாம் நன்றாக இருந்தால்தான் ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட ஹெட், லைனரின் அடி ஓரிங் என்று யோசிக்க வேண்டும். கடல்நீரே நேரடியாக பிளாக்கில் ஓடும் இன்ஜின்களில் இவை நடக்கக்கூடியவைதான். ஆனால் அது இன்ஜினைப் பிரிக்கும் வேலை. புதியவர் தனியாக இறங்க வேண்டாம்.

ஆயிலால் கழுவுவது

வழியை அடைத்தாயிற்று என்றால் கழுவலைத் தொடங்கலாம். கையேடு சொல்லும் தடிமனில் மலிவான மினரல் ஆயில் வாங்குங்கள், நாலைந்து முறைக்குப் போதுமான அளவு. பில்டரும் அத்தனை. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்து, ஒட்டியிருக்கும் வெள்ளைப் பசையைத் துணியால் வழித்தெடுங்கள். இன்ஜின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆயில் ஊற்றி, இன்ஜெக்டர் இன்னும் வெளியே இருக்கும்போதே, கையால் சில சுற்று சுற்றுங்கள். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்து வைத்து, டீசல் வராதபடி, செல்ஃபைச் சிறிது சிறிதாக அடித்து ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை சுற்ற விடுங்கள். துளைகள் மேல் ஒரு துணி போட்டு வையுங்கள். இன்ஜெக்டர் முனைக்கு நேரே கையை நீட்டாதீர்கள், அழுத்தமான டீசல் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போகும். பிரஷர் வந்ததும் இன்ஜெக்டர்களைப் பூட்டி, டீசல் லைனில் ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் பிடித்த உடனே கடல்நீர் வால்வைத் திறக்க ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும். இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சீக்கிரம் கிழிந்துவிடும்.

முதல் ஓட்டம் ஐந்து முதல் பத்து நிமிடம், ஐட்லிங்கில், சுமை இல்லாமல். கண் பிரஷர் மீட்டரிலேயே இருக்க வேண்டும். நிறுத்தி, சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்குங்கள். அது வெளுத்துத்தான் வரும், மனம் தளர வேண்டாம். புது ஆயில், புதுப் பில்டர். இரண்டாவது ஓட்டம் கால் மணி நேரம். மூன்றாவதில் படகைக் கட்டிய நிலையிலேயே கியர் போட்டு, லேசான சுமையில், இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டுங்கள். ஊற்றிய நிறத்திலேயே ஆயில் திரும்பி வரும்வரை இதைத் தொடருங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முறை ஆகும்.

ஆயிலில் டீசல் கலந்து ஊற்றி ஓட்டினால் சீக்கிரம் சுத்தமாகும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏற்கெனவே அடிபட்ட பேரிங்குக்கு நீர்த்த ஆயிலைக் கொடுத்து ஓட்டுவது ஆபத்து. டீசலால் கழுவத்தான் வேண்டும் என்றால், இன்ஜினை ஓட்டாமல் ஊற்றி, கையால் சுற்றி, முழுக்க வடித்துவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றுங்கள்.

சுத்தமான பிறகு வழக்கமான நல்ல ஆயிலை ஊற்றுங்கள். அதை 10 மணி நேர ஓட்டத்தில் மாற்றி, மறுபடி 50 மணி நேரத்தில் மாற்றி, அப்போது ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதலில் புட்டியில் எடுத்து வைத்த மாதிரியையும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. சோடியம் இறங்கியும் இரும்பும் ஈயமும் ஏறிக்கொண்டே போனால், உப்பு போய்விட்டது, ஆனால் தேய்மானம் தொடர்கிறது என்று பொருள்.

உடனே வேலை செய்ய முடியவில்லை என்றால்

கரை தூரம், பில்டர் இல்லை, உதவிக்கு ஆள் இல்லை. அப்படியானால் இன்ஜினைக் காலியாக விட்டுவிடாதீர்கள். துருவுக்குக் காற்று வேண்டும். கெட்ட ஆயிலை இறக்கிவிட்டு, டீசலோ கையில் கிடைக்கும் ஆயிலோ, ராக்கர் கவர் வரை நிரப்புங்கள். சிலிண்டர்களுக்குள்ளும் ஊற்றி, தினமும் கையால் கொஞ்சம் சுற்றி வையுங்கள். அப்படி நிரப்பி வைத்த இன்ஜின் காத்திருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் எல்லாவற்றையும், குறிப்பாகச் சிலிண்டருக்குள் இருப்பதை, முழுக்க எடுக்க மறக்காதீர்கள். ஆயிலும் தண்ணீர் மாதிரியே அமுங்காதது.

படகே மூழ்கி இன்ஜின் முழுக்க நனைந்திருந்தால், வெளியே எடுத்தவுடன் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் தாராளமாகக் கழுவுங்கள். காய்ந்த உப்பைக் கரைப்பதைவிட ஈரமாக இருக்கும்போது கழுவுவது எளிது. அதன் பிறகு டீசல், அதன் பிறகு ஆயில். செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் தனியாகக் கழற்றிக் கழுவி உலர்த்த வேண்டியவை.

வாரக்கணக்கில் கடல்நீரோடு கிடந்து இறுகிப்போன இன்ஜினை நீண்ட குழாய் மாட்டி நெம்பிச் சுற்றாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயைச் சிலிண்டரில் ஊற்றி சில நாள் ஊற விட்டு, இரு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்தாலும் ஹெட்டைக் கழற்றிச் சுவரைக் கண்ணால் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

மறுபடி வராமல் இருக்க

ஸ்டார்ட் ஆகாத இன்ஜினைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு, சைலன்சரின் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டு, அப்புறம் கோளாறைத் தேடுங்கள். சைபன் வால்வை ஆண்டுக்கு ஒரு முறையாவது கழுவுங்கள். இம்பெல்லர் மாற்றும்போதெல்லாம் பம்பின் சொட்டுத் துளையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். படகை விட்டு இறங்கும்போது கடல்நீர் வால்வை மூடி, இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டி வையுங்கள். அடுத்த முறை சாவியை எடுக்கும்போது வால்வைத் திறக்க வேண்டியதும் நினைவுக்கு வரும்.